டேகேர் நடத்துகிறீர்களா? நெருக்கடி நேரத்தில் அரசுப் பணம் கைக்கு வர என்ன செய்ய வேண்டும்

2020 மார்ச் மூன்றாவது வாரம், நியூ ஜெர்சியில் நான் நடத்தும் வீட்டு டேகேருக்கு ஐந்து குழந்தைகளில் ஒரே ஒரு பையன்தான் வந்தான். அவன் அம்மா நர்ஸ், அவளுக்கு வேறு வழி இல்லை. மற்ற நான்கு வீட்டிலிருந்தும் வாட்ஸ்அப்தான் வந்தது: "அக்கா, இந்த வாரம் வேண்டாம், பார்த்துக்கொண்டு சொல்கிறோம்." பார்த்துச் சொல்ல ஐந்து மாதம் ஆனது. வீட்டு வாடகை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எங்கள் மாநிலத்தில் டேகேர் சென்டர்களும் ஏப்ரல் 1 முதல் ஜூன் 15 வரை, அத்தியாவசிய வேலையில் இருப்பவர்களின் குழந்தைகளுக்கு மட்டும்தான் திறந்திருந்தன.

அடுத்த மூன்று வருடம் அரசுப் பணம் எந்த வழியாக வருகிறது, யாருக்குப் போகிறது, யாருக்குப் போகாமல் நிற்கிறது என்று பக்கத்திலிருந்தே பார்த்தேன். எனக்கும் கொஞ்சம் வந்தது, என் முட்டாள்தனத்தால் கொஞ்சம் போகவும் போனது. அமெரிக்காவில் டேகேர் நடத்தும் நம்மவர்கள், முக்கியமாக வீட்டிலேயே நான்கைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள், அடுத்த முறை (வெள்ளமோ, புயலோ, இன்னொரு தொற்றோ, எது வந்தாலும்) இப்படித் தடுமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பணம் வரும் பாதை

வாஷிங்டனில் சட்டம் கையெழுத்தான செய்தியைப் பார்த்துவிட்டு "எங்கே அப்ளை செய்வது?" என்று தேடாதீர்கள். டேகேருக்கான பணத்தை மத்திய அரசு நம் கையில் நேரடியாகத் தருவதில்லை. மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், மாநிலம் தன் விதியை எழுதி, தன் வெப்சைட்டில் விண்ணப்பத்தைத் திறக்கும். அதற்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம்.

கோவிட் காலத்தில் இது மூன்று தவணையாக வந்தது. 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான சட்டத்தில் 3.5 பில்லியன் டாலர், அந்த டிசம்பரில் 10 பில்லியன், 2021 மார்ச் 11 அன்று ஒரே அடியாக 39 பில்லியன். அந்த 39-ல் 24 பில்லியன், டேகேர்கள் மூடாமல் தாக்குப்பிடிப்பதற்கென்றே ஒதுக்கிய மானியம். குறைந்தது 90 சதவீதத்தை டேகேர் நடத்துபவர்களுக்கே மாநிலம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். நாடு முழுக்க 2,20,000-க்கும் மேற்பட்ட டேகேர்களுக்கு இந்தப் பணம் போய்ச் சேர்ந்தது. பெரிய சென்டர்களுக்கு மட்டுமல்ல, என்னைப் போல ஹாலில் பாய் விரித்து நடத்துபவர்களுக்கும்தான்.

இது தவிர எல்லாச் சிறு தொழிலுக்குமான பிபிபி லோன் ஒன்று இருந்தது, விதிப்படி செலவழித்தால் தள்ளுபடி ஆகிவிடும் கடன். அது 2020 ஏப்ரல் 3-ல் திறந்தது, முதலில் ஒதுக்கிய 349 பில்லியன் டாலரும் ஏப்ரல் 16-ல் காலி. பதின்மூன்றே நாள். தனியாளாகத் தொழில் செய்பவர்கள் ஏப்ரல் 10-லிருந்துதான் விண்ணப்பிக்கவே முடிந்தது, அதாவது நமக்கு ஆறேழு நாள். அந்த வாரத்தில் உட்கார்ந்து பழைய வரிக் கணக்கைத் தேடியவர்கள் எல்லோரும் அடுத்த ஒதுக்கீட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

முதல் வேலை: பட்டியலில் உங்கள் பெயர்

இரண்டு தெரு தள்ளி ஒரு அக்கா இருக்கிறார், எட்டு வருடமாக மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார், அவர் கையால் பருப்புச் சாதம் சாப்பிட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மா சமையலை ஒதுக்கும், அவ்வளவு நல்ல கை. ஆனால் எங்கேயும் பதிவு செய்யவில்லை. நியூ ஜெர்சியில் ஐந்து குழந்தைகள் வரை வீட்டில் பார்த்துக்கொள்ளப் பதிவு கட்டாயமில்லை, விருப்பப்பட்டால் செய்யலாம் என்பதுதான் விதி. அதனால் அவர் செய்தது தப்பே இல்லை. ஆனால் 24 பில்லியன் மானியத்துக்கு, சட்டம் கையெழுத்தான அன்று மாநிலத்தில் லைசென்ஸோ பதிவோ இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அரசு உதவித்தொகையில் வரும் குழந்தைகளை எடுக்கத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். அக்காவுக்கு இரண்டும் இல்லை. ஒரு டாலர் வரவில்லை.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் மாநிலத்தில் வீட்டு டேகேருக்கு என்ன பெயர், எத்தனை குழந்தைக்கு மேல் லைசென்ஸ் கட்டாயம், கட்டாயமில்லாவிட்டாலும் பதிவு செய்ய வழி உண்டா என்று பாருங்கள். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும், டெக்சாஸில் இருக்கும் தங்கை சொன்னாள் என்று இங்கே அதையே நம்பக் கூடாது. பதிவு என்றால் வீட்டைப் பார்க்க வருவார்கள், கைரேகை எடுப்பார்கள், சிபிஆர் என்ற உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி கேட்பார்கள், மாடிப்படிக்குக் கேட் போடச் சொல்வார்கள். தொல்லைதான். ஆனால் நெருக்கடி வந்த பிறகு இதை ஆரம்பித்தால் முடிவதற்குள் பணம் முடிந்துவிடும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருப்பவர்கள் வேலை செய்யும் அனுமதி அட்டை இல்லாமல் டேகேர் நடத்துவது, அது "பக்கத்து வீட்டுக் குழந்தைதானே" என்றாலும், பணம் வாங்கினால் வேலைதான். மானியத்தை விடுங்கள், விசாவுக்கே வினை. அட்டை வந்த பிறகு ஆரம்பியுங்கள்.

பெயர், இனிஷியல், ஐந்து வார இழுபறி

என் விண்ணப்பம் ஓகே ஆகியும் பணம் வர ஐந்து வாரம் தாமதமானது. காரணம் வேறு ஒன்றும் இல்லை, நம் ஊர்ப் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். பேங்க் அக்கவுன்டில் கணவர் பெயர் கடைசியில். டேகேர் பதிவில் யாரோ இனிஷியலோடு டைப் அடித்திருக்கிறார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். மூன்றும் ஒரே ஆள் என்று எனக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. விண்ணப்பத்தில் கொடுத்த பெயரும் வரி எண்ணும் பேங்க் பெயரும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், அப்புறம் கல்யாண சர்ட்டிஃபிகேட், அதற்கு ஒரு மொழிபெயர்ப்பு, நோட்டரி என்று அலைந்தேன்.

இன்றைக்கு இரவு குழந்தைகள் போன பிறகு ஒரு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, லைசென்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், போன வருட வரிக் கணக்கு மூன்றையும் டேபிளில் வரிசையாக வையுங்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? முகவரி ஒன்றா? இல்லையென்றால் எது சுலபமாக மாறுமோ அதை மாற்றுங்கள், பெரும்பாலும் அது பேங்க்தான். அப்படியே மத்திய வரித் துறையான ஐஆர்எஸ் வெப்சைட்டில் தொழிலுக்கான வரி எண்ணை, அதாவது ஈஐஎன்னை, வாங்கிவிடுங்கள். இலவசம், பத்து நிமிட வேலை. சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எல்லாப் படிவத்திலும் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஈஐஎன் வாங்கிக்கொடுக்கப் பணம் கேட்கும் வெப்சைட்டுகள் நிறைய இருக்கின்றன, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டேகேர் பணத்துக்குத் தனி அக்கவுன்ட் வேண்டும். இதில் பேச்சே இல்லை. காஸ்ட்கோவில் ஒரே பில்லில் டேகேருக்கு டயப்பரும் வீட்டுக்கு வெங்காயமும் வாங்கினால், இரண்டு வருடம் கழித்து அந்தப் பில்லை வைத்துக்கொண்டு யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது. கவுன்டரிலேயே இரண்டு பில் போடச் சொல்லுங்கள்.

வரிக் கணக்கில் என்ன காட்டினீர்கள்?

நெருக்கடி நேரத்தில் யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று அரசு பார்ப்பது வரிக் கணக்கைத்தான். பிபிபி-யில் இது எப்படி விளையாடியது என்று ஒரு கணக்கு காட்டுகிறேன். வேலைக்கு ஆள் வைக்காத ஒருவர், வருட வரவு 60,000 டாலர், செலவெல்லாம் கழித்து ஷெட்யூல் சி-யின் (வரிக் கணக்கில் சுயதொழில் வரவு செலவைக் காட்டும் படிவம்) 31-வது வரியில் லாபம் 18,000. முதலில் இருந்த விதிப்படி அந்த லாபத்தைப் பன்னிரண்டால் வகுத்து இரண்டரையால் பெருக்க வேண்டும்: 3,750 டாலர். 2021 மார்ச்சில் விதியை மாற்றி, 7-வது வரியில் இருக்கும் மொத்த வரவை வைத்துக் கணக்குப் போடலாம் என்றார்கள். அதே ஆளுக்கு இப்போது 12,500 டாலர். ஆனால் ஏற்கனவே லோன் அனுமதி வாங்கியவர்கள் புதுக் கணக்குக்கு மாற முடியாது. அவசரப்பட்டு பிப்ரவரியில் வாங்கியவர்களுக்கு நாமம்தான்.

பெற்றோர் கையில் கொடுக்கும் காசை வரவில் காட்டாமல் விடுபவர்கள் உண்டு, யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வரிக் கணக்கில் இல்லாத வருமானம் நின்றுபோனால் அதை ஈடுகட்ட யாராலும் முடியாது. காட்டாத காசு நெருக்கடியில் இல்லாத காசு.

மாதச் செலவை எழுதும் இடத்தில் நான் செய்த தப்பு

மானிய விண்ணப்பங்கள் பல, உங்கள் நடப்பு மாதச் செலவு என்ன என்று கேட்கும். நான் உட்கார்ந்து எழுதினேன்: சாப்பாடு, டயப்பர், கிருமிநாசினி, கலர் பென்சில், இன்ஷூரன்ஸ். கூட்டிப் பார்த்தால் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. அனுப்பியும் விட்டேன். பிறகு கவுன்டி ஆலோசனை அலுவலகத்தில் ஒரு பெண்மணி போனில் கேட்டார், "உங்கள் சம்பளம் எங்கே?" எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நம் வீட்டில், நம் கிச்சனில் வேலை செய்ய நமக்கு நாமே சம்பளமா என்று தோன்றியது. காலை ஏழரைக்கு முதல் குழந்தை வந்தால் மாலை ஆறரைக்குக் கடைசிக் குழந்தை போகிறது, அந்தப் பதினொரு மணி நேரத்தை நான் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறேன்! அந்த மானியத்தில் ஊழியர் சம்பளம் என்பதில், தனியாகத் தொழில் நடத்துபவர் தனக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளமும் சேர்த்தி. அந்தச் சுற்றில் திருத்த நேரம் இல்லை, போனது போனதுதான்.

வாடகையும் அப்படித்தான், முழுதாக விட்டுவிட்டேன். வரிக் கணக்கில் இதற்கென்று ஒரு முறை இருக்கிறது, இடத்தையும் நேரத்தையும் பெருக்குவது. என் வீடு 1,800 சதுர அடி, டேகேருக்கு வழக்கமாகப் பயன்படுவது 1,200, அதாவது 67 சதவீதம். நேரம்: வாரம் 55 மணி, 50 வாரம், 2,750. அதோடு குழந்தைகள் இல்லாதபோது சுத்தம் செய்வது, சமைத்து வைப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் குறைத்துப் போட்டாலே 250. மொத்தம் 3,000 மணி. வருடத்துக்கு 8,760 மணி, ஆக 34 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 23. வாடகை 2,600 டாலர் என்றால் அதில் 590 டாலருக்கு மேல் டேகேர் செலவு. கரன்ட், தண்ணீர், கேஸ், இன்டர்நெட்டுக்கும் இதே சதவீதம். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். குழந்தைகள் அதன் மேல் டைனோசர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள், பரவாயில்லை, எண்கள் தெரிகின்றன.

உணவுத் திட்டம்

மத்திய விவசாயத் துறை டேகேர்களுக்காக நடத்தும் உணவுத் திட்டத்தில் சேருங்கள், குழந்தைகளுக்குப் போடும் சாப்பாட்டுக்கு மாதா மாதம் காசு வரும். தொகை பெரிதில்லை. ஆனால் தினமும் யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதியே ஆக வேண்டும் என்பதால், வருகைப் பதிவேடு தானாக உருவாகிவிடும், "டேகேர் நடந்தது" என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. தவிர, 2020 வசந்தத்தில் இழந்த உணவுத் தொகையில் ஒரு பகுதியைப் பிறகு ஈடுகட்டினார்கள், அதுவும் திட்டத்தில் ஏற்கனவே இருந்தவர்களுக்குத்தான். தயிர் சாதம் போட்டால் அந்தத் தயிர் பால் கணக்கில் வராது, இறைச்சிக்கு மாற்று என்ற கணக்கில் வரும். பாலைத் தனியாக டம்ளரில் கொடுக்க வேண்டும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வரும், விதி அப்படி.

கையெழுத்துப் போடும் முன்

மானியத்தில் நிபந்தனை இருக்கும், அதைப் படிக்காமல் டிக் அடிக்காதீர்கள். 2021 மானியத்தில் மூன்று உறுதிமொழி கேட்டார்கள்: சுகாதார விதிகளைப் பின்பற்றுவேன், மானியக் காலம் முழுக்க ஊழியர்களுக்குப் பழைய சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து, அவர்களை வலுக்கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பாமலும் இருப்பேன், முடிந்த வரையில் பெற்றோரின் கட்டணத்தைக் குறைப்பேன். உதவிக்கு ஒரே ஒரு பெண்ணை வைத்திருந்தாலும் இரண்டாவது உங்களுக்கும் பொருந்தும்.

எதற்குச் செலவழிக்கலாம் என்பதில் தாராளமாகவே இருந்தார்கள். சம்பளம், வாடகை, கரன்ட், ரிப்பேர், இன்ஷூரன்ஸ், மாஸ்க், கிருமிநாசினி, பொம்மை, தொட்டில், குழந்தைகளுக்கும் ஊழியர்களுக்கும் மனநல ஆலோசனை எல்லாம் வரும். 2020 ஜனவரி 31-க்குப் பிறகு ஏற்கனவே செய்த செலவுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பழைய ரசீதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களுக்கு அது கைகொடுத்தது. ஆனால் ஒரே செலவை இரண்டு பணத்தில் காட்டக் கூடாது. மே மாத வாடகையை பிபிபி-யில் காட்டினால் மானியத்தில் அதே மே மாத வாடகை வரக் கூடாது. நான் ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு ஷூ டப்பா வைத்தேன், மேலே மார்க்கரில் பெயர், உள்ளே ரசீதுகள். எக்செல் தெரிந்தவர்கள் சிரிக்கலாம். கேட்டபோது இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன்.

வரி. இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொண்டார்கள். தள்ளுபடி ஆன பிபிபி லோனுக்கு மத்திய அரசு வருமான வரி இல்லை. மானியத்துக்கு உண்டு. அது உங்கள் தொழில் வருமானம், பணம் கொடுத்தவர் அனுப்பும் 1099 படிவம் வந்தாலும் வராவிட்டாலும் காட்ட வேண்டும், செலவைக் கழித்தது போக மிஞ்சும் லாபத்துக்குச் சாதாரண வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் சேரும். உங்களுக்கு நீங்களே எடுத்துக்கொண்ட சம்பளம் ஷெட்யூல் சி-யில் செலவாகக் கழியாது என்பதையும் மறக்காதீர்கள். பணம் வந்த அன்றே கால் பங்கை வேறு அக்கவுன்டுக்கு மாற்றிவிடுவது என் பழக்கம், கண்ணில் பட்டால் செலவாகிவிடும்.

இன்னொன்று, அந்த மானியப் பணத்தை மாநிலங்கள் 2023 செப்டம்பர் 30-க்குள் கொடுத்து முடிக்க வேண்டும் என்பது முதலிலேயே தெரிந்த தேதி. அதை மறந்து, உதவிக்கு வந்த பெண்ணின் மணிநேரச் சம்பளத்தை ஏற்றியவர்கள் அக்டோபரில் முழித்தார்கள். குறைக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. தற்காலிகப் பணத்தில் போனஸ் கொடுங்கள், சம்பளத்தை ஏற்றுவதானால் பெற்றோர் கட்டணத்தில் அது தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

வெள்ளம் வந்தால் கதை வேறு

2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்ச மழை நியூ ஜெர்சியில் கொட்டித் தீர்த்தது. பேஸ்மென்டில் டேகேர் வைத்திருந்தவர்களுக்கு பாயும் தொட்டிலும் புத்தகமும் ஒரே இரவில் போயின. கோவிட் மாதிரி டேகேருக்கென்று தனி மானியம் வரும் என்று அப்போது எதிர்பார்க்க முடியாது. லாப நோக்கில்லாத டேகேர் சென்டர் என்றால் மத்திய பேரிடர் அமைப்பான ஃபெமாவின் பொது உதவிக்கு விண்ணப்பிக்கலாம். நம்மைப் போல லாபத்துக்கு நடத்துபவர்களுக்கு முக்கிய வழி, மத்திய அரசின் சிறுதொழில் அமைப்பான எஸ்பிஏ-யின் பேரிடர் கடன். கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். சேதத்துக்கான கடனுக்குப் பொதுவாகப் பேரிடர் அறிவித்து 60 நாள்தான் கெடு. அந்த வீட்டில் குடியிருப்பவராக ஃபெமாவின் தனிநபர் உதவியைத் தனியாகக் கேட்கலாம். 2024 மார்ச்சிலிருந்து, சுயதொழில் செய்பவர்களின் சேதமான தொழில் கருவிகளுக்கும் அதில் ஓரளவு வழி செய்திருக்கிறார்கள்.

சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளத்துக்குத் தராது, டேகேர் சாமானுக்கும் பெரும்பாலும் தராது. வெள்ள இன்ஷூரன்ஸ் தனியாக எடுத்தாலும் பேஸ்மென்டில் இருப்பதற்குக் குறைவாகத்தான் கிடைக்கும். முடிந்தால் விலையுள்ள சாமானை மேல் தளத்துக்குக் கொண்டுவாருங்கள்.

யாரிடம் கேட்பது

உள்ளூர் உதவிகளைப் பற்றிச் சொல்லும் 211 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்டுப் பார்க்கலாம். சைல்ட்கேர் டாட் கவ் வெப்சைட்டில் மாநிலத்தின் பெயரை அழுத்தினால் அங்குள்ள அலுவலகங்களின் பட்டியல் வரும். கவுன்டியில் இருக்கும் குழந்தைப் பராமரிப்பு ஆலோசனை அலுவலகத்தின் ஈமெயில் பட்டியலில் இன்றே சேர்ந்துவிடுங்கள், விண்ணப்பம் திறக்கும் தகவல் முதலில் அங்குதான் வரும். எல்லாம் இலவசம். "மானியம் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் எனக்கு" என்று யாராவது கோவிலில் வந்து பேசினால் பிரசாதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக, போனை எடுத்து டேகேர் நடக்கும் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே இருப்பதையும் காட்டுங்கள், தொட்டிலின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் நம்பர் வரைக்கும். ஒரு அறைக்கு அரை நிமிடம் போதும். எடுத்ததை உங்களுக்கே ஈமெயில் செய்துவிடுங்கள், போனும் தண்ணீரில் போகலாம்.